யூ லாக்கா, சங்கிலியா, மேலே தூக்கிப் போவதா? பினாங்கில் சைக்கிளைக் காப்பாற்றும் வழிகள்

பூட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதோடு சேர்த்துப் பூட்டப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இல்லை. ஜார்ஜ் டவுனைப் பொறுத்தவரை அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வந்த கேள்விகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் சைக்கிளோடு வந்து லிட்டில் இந்தியா பக்கம் வேலை செய்யும் ஒரு தம்பி, யூ லாக் (U வடிவ இரும்புப் பூட்டு) வாங்குவதா சங்கிலி வாங்குவதா என்று குழம்புகிறார். ஆயர் ஈத்தாமில் ஏழாவது மாடியில் இருக்கும் ஓர் அக்கா, வண்டியைக் கீழே விடுவதா மேலே கொண்டுபோவதா என்று கேட்கிறார். வார இறுதியில் மட்டும் பாயான் லெப்பாஸ் கடலோரப் பாதையில் ஓட்டும் ஒருவர், இடம் காட்டும் ஆப்பிளின் ஏர்டேக் ஒன்றை ஒளித்து வைத்துவிட்டால் போதாதா என்கிறார். மூன்று பேருக்கும் ஒரே பூட்டைச் சொல்ல முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் கட்டும் இடம். லெபோ பசார், லெபோ குவீன் தெருக்கள் பக்கம் அஞ்சடியில் (கடைகளுக்கு முன்னே தூண்கள் நிற்கும் கூரையிட்ட நடைபாதை) நடந்து பாருங்கள். தூண்கள் எல்லாம் செங்கல் கட்டிச் சாந்து பூசியவை, எந்த யூ லாக்கும் அவற்றைச் சுற்றி வராது. விளக்குக் கம்பங்களும் பெரும்பாலும் அப்படித்தான். அறிவிப்புப் பலகை நிற்கும் கம்பி மெல்லியதுதான், ஆனால் தலையளவு உயரமே இருந்தால் பூட்டோடு வண்டியைத் தூக்கி மேல்வழியாகக் கழற்றிவிடலாம், அதற்குக் கட்டரே வேண்டாம். கம்பியை ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பதும் நல்லது, சிலது ஆடும். பேரங்காடிகளின் கீழ்த்தளத்தில் சைக்கிளுக்கு என்று வைத்திருப்பது பல இடங்களில் முன்சக்கரத்தைச் செருகும் தாழ்வான கம்பி. குட்டையான பூட்டு அங்கே ஃபிரேமை எட்டாது, சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது சக்கரம் மட்டும் காத்திருக்கும்.

அடுத்தது நேரம். ரொட்டி சானாய் சாப்பிடும் பத்து நிமிடம் வேறு, எட்டு மணி நேர வேலை வேறு, ராத்திரி முழுக்க கார் நிறுத்துமிடத்தில் கிடப்பது முற்றிலும் வேறு. பகலில் நாலு பேர் பார்க்கும் இடத்தில் சுமாரான பூட்டே தாக்குப்பிடிக்கும். ஆளில்லாத இடத்தில் ராத்திரி விட்டால் நல்ல பூட்டுக்கும் உத்தரவாதம் கிடையாது.

அப்புறம் எடை. மூன்று கிலோ சங்கிலியை வாங்கிவிட்டு, கனமாக இருக்கிறது என்று வீட்டிலேயே விட்டுப் போகிறவர்கள் நிறைய. கூடவே வராத பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்து என்ன?

உப்புக்காற்றையும் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் எழுதும் பரிந்துரைகளில் இது வருவதே இல்லை. கடலை ஒட்டி நிற்கும் வண்டியின் பூட்டு வெட்டுப்படுவதற்கு முன்பே துருப்பிடித்துச் சாவி திரும்பாமல் போய்விடும்.

வண்டி விலையில் பத்து விழுக்காடு பூட்டுக்கு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 300 வெள்ளி (ரிங்கிட்) வண்டிதான் ஆனாலும், தினமும் வேலைக்குப் போவதே அதில்தான் என்றால் 30 வெள்ளிப் பூட்டு அதற்குப் பத்தாது.

பெட்டியில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆபுஸ் 15-க்கு இத்தனை என்று போடும், கிரிப்டோனைட் 10-க்கு இத்தனை என்று போடும். அவை அந்தந்த நிறுவனத்தின் சொந்த அளவுகோல்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால் பிரிட்டனின் சோல்ட் செக்யூர் தரச்சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். வெண்கலம் (புரோன்ஸ்), சில்வர், கோல்ட், டயமண்ட் என்று நான்கு படி. இரவுச் சந்தைப் பூட்டுகளில் அதைத் தேட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

விலை எல்லாம் தோராயம், கடைக்குக் கடை மாறும்.

| வழி | செலவு (ரிங்கிட்) | எடை | தடித்த தூணைச் சுற்றுமா | எதற்குத் தாங்காது |
|---|---|---|---|---|
| கேபிள் | 15–40 | அரைக் கிலோவுக்குள் | சுற்றும் | கைக்கு அடங்கும் கட்டர் |
| சங்கிலி | 60–400 | 1.5–4 கிலோ | நீளம் இருந்தால் | மெல்லியது போல்ட் கட்டருக்கு, தடித்தது கிரைண்டருக்கு |
| யூ லாக் | 60–400 | 1–1.8 கிலோ | சுற்றாது | மலிவானது நெம்புகோலுக்கு, நல்லது கிரைண்டருக்கு |
| மடிப்புப் பூட்டு | 100–600 | 1 கிலோ அளவில் | நடுத்தரக் கம்பம் வரை | மூட்டுகளில் நெம்பினால் |
| உள்ளே கொண்டுபோவது | வண்டியைப் பொறுத்து | முழு வண்டியும் | தேவையில்லை | நிர்வாகத்தின் நோட்டீசுக்கு |
| டிராக்கர் | 50–150 | சில கிராம் | — | எதையும் தடுக்காது, தேட மட்டும் உதவும் |

## கேபிள்

கட்டைவிரல் பருமனுக்கு, பார்க்க உறுதியாகத்தான் இருக்கும். வெட்டுப்பட்ட ஒன்றின் முனையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பகுதி பிளாஸ்டிக் உறை, நடுவில் மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய கயிறு, பென்சில் பருமன்கூட இருக்காது. ஒவ்வொரு இழையும் மெல்லியது என்பதால் சட்டைப்பைக்குள் மறையும் கட்டரே போதும், சத்தமும் வராது. எண் திருப்பும் வகை என்றால் அதுவும் வேண்டாம். மலிவானதில் கம்பியை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையத்தைத் திருப்பினால், சரியான எண் வரும்போது விரலுக்கே தெரிந்துவிடும்.

வெயிலில் உறை வெடித்து உள்ளே தண்ணீர் இறங்கினால் வெளியே பளபளப்பு அப்படியே இருக்க, உள்ளே துரு தின்றுகொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒன்று வாங்குகிற நிலை வந்தால் மலிவு என்ற பேச்சும் போய்விடுகிறது.

அதற்காகத் தூக்கிப் போட வேண்டாம். உங்கள் மேசையிலிருந்து வண்டி தெரிகிற மாமாக் கடையில் இது போதும். நல்ல பூட்டு ஒன்றோடு துணைக்கு, முன்சக்கரத்தையும் சீட்டையும் இழுத்துக் கட்டவும் பயன்படும். தனியாக இதை மட்டும் நம்பி எட்டு மணி நேரம் விடுவதுதான் தப்பு.

## சங்கிலி

அஞ்சடித் தூணுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் வளைந்து கொடுக்கும் ஒரே உறுதியான பூட்டு இதுதான். ஜார்ஜ் டவுனின் பழைய பகுதிக்குள் தினமும் நிறுத்துகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது சங்கிலியைத்தான். யூ லாக் தரத்தில் உசத்தி என்று படித்துவிட்டு வாங்கி, கட்ட இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றுவதைவிட இது மேல்.

சங்கிலியில் இரண்டு ஜாதி உண்டு. இரும்புக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பது சாதாரண எஃகுக்கு மேலே துத்தநாகப் பூச்சு, போல்ட் கட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்றே விற்பது பதப்படுத்திய எஃகு, கண்ணிகள் சதுரமாகவோ அறுகோணமாகவோ இருக்கும். 6 மில்லிமீட்டர் கண்ணியை நடுத்தர போல்ட் கட்டரே கடித்துவிடும், 10 மில்லிமீட்டருக்குப் போனால் கையால் வெட்டுவது பெரும்பாடு. சங்கிலி தடியாக இருந்து, கோக்கும் பூட்டின் வளையம் விரல் பருமன்தான் என்றால் திருடன் சங்கிலியைத் தொடவே மாட்டான். வளையத்தைத்தான் வெட்டுவான்.

கட்டும் முறையிலும் விஷயம் இருக்கிறது. சங்கிலி தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி மறு கைப்பிடியில் உடம்பு எடையைப் போட்டு அழுத்தலாம், வேலை சுலபம். இடுப்பளவு உயரத்தில், தொய்வு இல்லாமல் கட்டுங்கள்.

சொல்லாமல் வரும் செலவுகள்: துணி உறை மழையில் நனைந்தால் நாள் முழுக்க ஈரம், உள்ளே துரு, சட்டையில் கறை. ஃபிரேமின் பெயின்ட் உரசிப் போகும். ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு ஓட்டுவது ஆபத்து, வளைவில் சக்கரத்துக்குள் போய்விடும். இதற்கெல்லாம் ஒரே வழி, வேலை செய்யும் இடத்திலேயே சங்கிலியை விட்டுவிடுவது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பின்பக்கக் கிரில்லில் மாட்டி வைத்தால் தினமும் சுமக்கத் தேவையில்லை. கேட்காமல் பொதுக் கம்பத்தில் தொங்கவிட்டால் மாநகர் மன்றம் வெட்டி எடுத்துப் போனாலும் கேட்க முடியாது.

## யூ லாக்

கம்பி மெல்லியதாகக் கிடைத்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. சாலையோர இரும்புத் தடுப்பு, பாலத்தின் கைப்பிடி, அலுவலகப் படிக்கட்டின் குழாய், ஒழுங்காகப் போட்ட சைக்கிள் வளையம், இவைதான் இதன் இடங்கள். உங்கள் வழக்கமான இடத்தில் இவற்றில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் ஒரு டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பெரியதாக வாங்க வேண்டும் என்று தோன்றும், ஆனால் இதில் சின்னதுதான் நல்லது. பூட்டுக்குள் காலியிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு எளிதாக நெம்புகோலை நுழைக்கலாம். அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. சீட்டுக்குக் கீழிருந்தும் பெடல் அச்சிலிருந்தும் பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்கள் சேர்ந்து ஒரு முக்கோணம் இருக்கிறதல்லவா, அதற்குள் வரும் ரிம்மையும் டயரையும் கம்பியோடு சேர்த்துப் பூட்ட வேண்டும். பூட்டு ஃபிரேமைச் சுற்றவே சுற்றாது, பார்த்தால் மறந்துவிட்டாற்போலிருக்கும். ஆனால் ரிம்மை அறுத்தாலொழியச் சக்கரம் அந்த முக்கோணத்தைவிட்டு வெளியே வராது, சக்கரம் வராமல் ஃபிரேமும் வராது. விலை கூடிய பின்சக்கரமும் சேர்ந்து பத்திரமாகிறது. கார்பன் ரிம் வைத்திருப்பவர்கள் ஃபிரேமையும் சேர்த்தே பூட்டுங்கள்.

சாவித்துளை வட்டமாக இருந்தால் வாங்காதீர்கள். 2004-இல் அந்த வகைச் சாவி கொண்ட பூட்டுகளைச் சாதாரண பிக் பால்பாயிண்ட் பேனாவின் வெளிக்குழாயை வைத்தே திறக்கலாம் என்று தெரியவந்து, கிரிப்டோனைட் பெருமளவில் மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தட்டைச் சாவியும், கம்பியின் இரு காலையும் பிடிக்கும் பூட்டும் பாருங்கள். ஒரு காலை மட்டும் பிடிப்பதை ஒரு வெட்டில் திருப்பிக் கழற்றலாம், இரண்டையும் பிடித்தால் இரண்டு வெட்டு வேண்டும்.

பேட்டரி கிரைண்டர் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் நிமிடக் கணக்காகிவிட்டது என்பதும் உண்மை. ஹிப்லாக் டி1000, லைட்லாக் எக்ஸ்1 போன்றவை கிரைண்டர் தட்டையே தேய்த்துத் தீர்க்கும்படி செய்தவை. கூடுதல் விலை கொடுத்து அவற்றை வாங்குவது பல ஆயிரம் ரிங்கிட் வண்டியைத் தெருவில் விட்டே ஆக வேண்டியவருக்குத்தான் பொருந்தும்.

உப்புக்காற்றுக்கு: சாவித்துளை கீழே பார்த்தபடி பூட்டுங்கள், மாதம் ஒருமுறை பூட்டுக்கென விற்கும் கிராஃபைட் அல்லது டெஃப்லான் மசகு கொஞ்சம் விடுங்கள். வீட்டிலிருக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும்.

இன்னொன்று, மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் சைக்கிளைப் பூட்டாதீர்கள். திருடன் வர வேண்டாம், இடம் தேடி வருகிறவர் இழுத்துத் தள்ளுவதிலேயே கியர் வளைந்துவிடும்.

## மடிப்புப் பூட்டு

தட்டைப் பட்டைகளை ரிவெட் வைத்துக் கோத்தது, மடித்தால் ஃபிரேமில் தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்தில் உட்காரும். சுமக்க இதுபோல் வசதி வேறில்லை. ஆபுஸ் போர்டோ வரிசை பெயர் பெற்றது. பலவீனம் அந்த மூட்டுகள்தான், மலிவான போலிகளில் நெம்பினால் பிளந்துகொள்ளும், மழையில் மூட்டுக்குள் துரு பிடித்தால் மடங்காமல் அடம்பிடிக்கும். நல்லது வாங்கினால் விலை யூ லாக்கைத் தாண்டும். பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்துகிறவர் இதைப் பார்க்கலாம், மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## உள்ளே கொண்டுபோவது

எந்தப் பூட்டையும்விடப் பத்திரம் என்பதில் சந்தேகமில்லை. தரைவீடு என்றால் கிரில்லுக்கு உள்ளே ஏற்றி, அங்கேயும் ஒரு பூட்டு. கிரில் கம்பிக்கு வெளியிலிருந்து கைவிட்டு எட்டும் தூரத்தில் சீட்டும் விளக்கும் இருக்கக் கூடாது.

அடுக்குமாடியில்தான் சிக்கல். வீட்டுக் கதவுக்கு வெளியே நடைவழியில் சாய்த்து வைப்பது பலருக்கும் பழக்கம். ஆனால் 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ் அது பொதுச்சொத்து, வழியை மறித்துப் பொருள் வைக்க உரிமை கிடையாது. படிக்கட்டு ஓரம் என்றால் தீ விபத்து சமயத்தில் உயிருக்கே ஆபத்து. ஆகவே மேலே என்றால் வீட்டுக்குள் என்றே அர்த்தம். வரவேற்பறையில் சுவரோரம் செங்குத்தாக நிறுத்தும் ஸ்டாண்டுக்கோ கொக்கிக்கோ செலவு, தரையில் செயின் எண்ணெய் சொட்டாமல் ஒரு பழைய பாய், லிஃப்டில் சைக்கிள் ஏற்றலாமா என்று நிர்வாகத்திடம் ஒரு கேள்வி. லிஃப்ட் பழுதாகும் நாளையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் மடிக்கும் சைக்கிள் வருகிறது. பிராம்ப்டன் மடித்தால் ஏறக்குறைய 65 சென்டிமீட்டருக்குள் அடங்கும், மேசைக்கடியில் வைக்கலாம், எடை 11, 12 கிலோ. அதே பாணியில் மலிவான வண்டிகளும் நிறைய உண்டு, மடித்தாலும் கொஞ்சம் பெரிதாக, கனமாக இருக்கும். மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், விலை கூடிய மடிக்கும் வண்டியைத் தெருவில் ஐந்து நிமிடம்கூட விட மனம் வராது. கடைக்குள் போனாலும் கையோடு, கோயிலுக்குப் போனாலும் கையோடு. சின்னச் சக்கரம் சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் இறங்கும் ஆபத்தும் உண்டு. ஃபெர்ரிக்காக மட்டும் மடிக்கும் வண்டி வாங்க நினைத்தால் தேவையில்லை, 2023-இல் வந்த புதிய ஃபெர்ரிகளில் சாதாரண சைக்கிளையே ஏற்றலாம்.

பழைய வண்டி வாங்கி ஓட்டினால் யாரும் சீந்த மாட்டார்கள் என்றொரு யோசனையும் அடிக்கடி வரும். பாதி சரி. பழைய இரும்புக்கு விற்கிறவனுக்கு வண்டி புதுசா பழசா என்பது பொருட்டில்லை, ஆகவே பூட்டு அதற்கும் வேண்டும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் போவதென்றால் மட்டும் நான் பழையதைத்தான் சொல்வேன். அந்தக் கூட்டத்தில் வண்டி எங்கே நகர்ந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

## டிராக்கரும் இன்சூரன்சும்

ஏர்டேக்கில் ஜிபிஎஸ் இல்லை. அக்கம்பக்கத்தில் போகும் ஐபோன்கள் அதன் புளூடூத் சிக்னலைப் பிடித்து இடத்தைத் தெரிவிக்கும், அவ்வளவுதான். நகர நடுவில் கொம்தார் பக்கம் நன்றாக வேலை செய்யும், ஆள் நடமாட்டம் இல்லாத எஸ்டேட் சாலையில் மணிக்கணக்கில் மௌனமாக இருக்கும். முக்கியமான இன்னொரு விஷயம், முன்பின் தெரியாத ஏர்டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே அறிவிப்பு போகும். ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது, சைக்கிள்காரருக்குப் பாதகமாக முடிகிறது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு இதேபோல் தேடித்தரும் கூகுளின் வலை 2024-இல் வந்தது, அதற்கேற்ற டேக் வாங்க வேண்டும். இரண்டிலும் பேட்டரி மாற்றுவதை மறக்கக் கூடாது. வரைபடத்தில் புள்ளி ஒரு வீட்டைக் காட்டினால் நீங்களே போய்க் கதவைத் தட்டாதீர்கள், போலீசிடம் காட்டுங்கள்.

வீட்டுப் பொருள் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்கள் பாலிசியை ஒரு தடவை படிக்க வேண்டும். வழக்கமாக, கதவையோ கிரில்லையோ உடைத்துப் புகுந்து திருடினால்தான் பணம் வரும். வாசலில் நின்ற வண்டி போனால் அது கணக்கில் வராது.

## யாருக்கு எது

ஃபெர்ரித் தம்பிக்குச் சங்கிலி, 10 மில்லிமீட்டர், வேலையிடத்திலேயே விட்டு வைக்க. படகுத்துறையிலோ வழியிலோ நிறுத்த நேர்ந்தால் பையில் ஒரு சின்ன யூ லாக். இரண்டும் சேர்ந்து 300 வெள்ளிக்குள் முடியும். முன்சக்கரத்தில் கைப்பிடி திருப்பிக் கழற்றும் அச்சு இருந்தால் அதை ஆலன் சாவி போடும் அச்சாக மாற்றுங்கள், சைக்கிள் கடையில் சில்லறைச் செலவுதான்.

ஏழாவது மாடி அக்காவுக்கு என் பதில் மேலே கொண்டுபோங்கள், வீட்டுக்குள். இடமில்லை என்றால், ஜாகா (காவலாளி) உட்காரும் இடத்திலிருந்து தெரிகிற தூண் ஒன்றைப் பார்த்துத் தடித்த சங்கிலி. கேமரா மேலே இருக்கிறது என்று மூலையில் விடுவதைவிட ஜாகாவுக்கு உங்கள் முகமும் வண்டியும் பழகியிருப்பது நல்லது.

கடலோரப் பாதைக்காரர் வண்டியை விட்டு நகர்வதே அபூர்வம். அவருக்கு இளநீர் குடிக்கும் நேரத்துக்கு மடிப்புப் பூட்டு, வீட்டில் கிரில்லுக்குள் யூ லாக், அப்புறம் விருப்பமிருந்தால் ஏர்டேக். அது மட்டும் போதுமா என்றால் போதாது.

## வண்டி போய்விட்டால்

பெடல் அச்சுக்குக் கீழே, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் தெரியும் இடத்தில் ஃபிரேம் எண் அடித்திருக்கும். இன்றைக்கே அதையும், முழு வண்டியையும், ரசீதையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நகராட்சி லைசன்ஸ் தகடு மாட்டிய காலம் போய்விட்டது, இப்போது வண்டி உங்களுடையது என்று காட்ட இந்த எண்ணைவிட்டால் வேறு வழியில்லை. போலீஸ் ரிப்போர்ட்டில் நிறத்தைச் சொல்வதோடு நிற்காமல் இந்த எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் இணைய விற்பனைத் தளங்களில் உங்கள் மாடலைத் தேடிக்கொண்டே இருங்கள்.

பதிலுக்கு ஒரு பழைய வண்டி வாங்கப் போகும்போதும் அதே எண்ணைப் பாருங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிய நியாயமான காரணம் இருந்தோ வாங்குவது தண்டனைச் சட்டம் 411-ஆம் பிரிவின் கீழ் குற்றம். எண் சுரண்டப்பட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.